பல் எந்தத் தட்டில் வரும்?

ராசம்மா எங்கள் சங்கத்திடம் கேட்டது ஒரே ஒரு பொருள். பல். மூன்று வருடத்தில் நாங்கள் அவருக்குக் கொடுத்தவை அரிசி, மறுபடியும் அரிசி, இரண்டு சேலை, ஒரு போர்வை, ஒரு சக்கர நாற்காலி, தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு. நாங்கள் என்று சொல்லும்போது என்னை ஒதுக்கிவிட்டுச் சொல்லவில்லை. அகமலர் சமூக நலச் சங்கத்தின் துணைச் செயலாளராக அப்போது இருந்தவன் நான்தான். அந்த முறுக்கு டின்னுக்கு ரிப்பன் கட்டியதும் நான்தான்.

மலேசியாவில், காஹாங் பட்டணத்தைத் தாண்டி, செம்பனை லாரிகள் திரும்பும் வளைவில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதில் கீழ்த்தளத்துக் கடைசி வீடு ராசம்மாவுடையது. வயது அறுபத்து நான்கு. பிறந்தது பக்கத்துப் பாமாயில் செம்பனைத் தோட்டத்தில். பதினாறு வயதில் செம்பனைக்கடியில் உதிரிப்பழம் பொறுக்கக் குனிந்தவர், நாற்பத்தைந்து வயதில்தான் நிமிர்ந்தார். அதற்குள் கணவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்திருந்தார். தோட்டத்து வீட்டைக் காலிசெய்து கொடுத்துவிட்டு வெளியே வந்து, ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் பத்து வருடத்துக்கு மேல் பாத்திரம் கழுவினார். ஒரே மகன் வசந்தன் ஜொகூர் பாருவில் குடும்பத்தோடு இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்வார்.

பற்கள் போன கதையில் விசேஷம் எதுவும் இல்லை. ஒன்று ஆடியது, ராசம்மா அதைத் தானே பிடுங்கிப் போட்டார். ஒன்றுக்குக் கிராம்பு வைத்துப் பார்த்தார். ஒன்று பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக்கில் தங்கிவிட்டது. கடைசியில் மேல்வரிசையில் மிஞ்சியவை இரண்டு. பேச்சுவார்த்தை முறிந்த அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றன. கீழ்வரிசை கொஞ்சம் கௌரவமாக இருந்தது. ஆனால் மேலே ஆள் இல்லாமல் கீழே மட்டும் இருந்து என்ன பயன்?

நான் முதல்முறை உதவி கேட்கும் படிவமான மனுப் பாரத்தோடு அவர் வீட்டுக்குப் போனபோது, "பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

"ராஹம்மா" என்றார்.

நான் 'ராகம்மா' என்று எழுதினேன். அழகான பெயராக இருக்கிறதே, அம்மாவுக்குப் பாட்டுப் பிடிக்குமோ என்றுகூட நினைத்தேன். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அடுத்த மூன்று வருடமும் அரிசி மூட்டை, பாராட்டுச் சான்றிதழ், தீபாவளி வாழ்த்து எல்லாம் ராகம்மாவுக்குத்தான் போயின.

பாரத்தில் அடுத்த கேள்வி, தேவைகள். அரிசி, துணி, பள்ளிப்பை, சக்கர நாற்காலி என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. எதற்கு டிக் போடலாம் என்று கேட்டேன்.

"பல்லு" என்றார்.

அந்தச் சொல்லைச் சொல்வதற்குப் பல் தேவையில்லை. அதனால் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

"பல்லுன்னு கட்டம் இல்லையேம்மா."

"வரைஞ்ஹிக்கோ தம்பி."

நான் வரையவில்லை. 'மற்றவை' என்ற இடத்தில் சின்னதாக 'பல்' என்று எழுதிவிட்டு அரிசிக்கு டிக் போட்டேன்.

இப்போது செல்லப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராசம்மா வீட்டுக்கு நேர் மேலே முதல் மாடியில் இருப்பவர். செம்பனை லாரி ஓட்டுகிறார். பூச்செடி என்றால் அவருக்கு உயிர். வராந்தாக் கம்பியில் வரிசையாகத் தொட்டிகளைத் தொங்கவிட்டு, காலையில் வேலைக்குக் கிளம்புமுன் குழாய் பிடித்துத் தண்ணீர் விடுவார். அந்தத் தண்ணீர் மண்ணையும் உரத்தையும் அள்ளிக்கொண்டு நேராக ராசம்மா காயப்போட்ட துணிமேல் இறங்கும். வெள்ளை நைட்டி காப்பி நிறமாகும். ராசம்மா வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, தோட்டத்தில் தன்னோடு வேலை செய்த பெண்கள் எல்லாம் அஞ்சி நடுங்கிய அந்த வாயைத் திறப்பார்.

"ஹனியனே! உன் ஹெடி நாஹமாப் போக!"

செல்லப்பன் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ஆமாக்கா, ஆமாக்கா! நல்லா பூத்திருக்கு!" என்று கையாட்டிவிட்டு லாரிக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ராசம்மாவுக்கு வரும் ஆத்திரத்தில் பாதி அவர்கள்மேல், பாதி தன் வாய்மேல்.

ஞாயிற்றுக்கிழமைப் போனும் இதே கதைதான். ராசம்மா ஏதாவது சொல்வார். வசந்தன் "சரிம்மா, சரிம்மா" என்பார். இன்னும் கொஞ்சம் சொன்னால், "லைன் சரியில்லம்மா, உங்க ஊர் சிக்னல் இப்படித்தான் லா" என்பார். நாலு வருடமாகக் காஹாங்கின் சிக்னல்தான் பழி சுமந்தது.

எங்கள் சங்கக் கூட்டம் மாதம் ஒருமுறை பக்கத்து நகரமான குளுவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும். தலைவர் கதிரேசு ஐயா அரசாங்கச் சேவையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. மனிதனின் தேவைகள் பற்றிய ஒரு முக்கோணப் படம் அவரிடம் உண்டு. ஏதோ பயிற்சியில் கொடுத்தார்களாம். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைத் திரையில் போட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அடித்தட்டில் சோறு, வீடு. அதற்கு மேல் பாதுகாப்பு. மூன்றாவது அன்பு. நான்காவது மரியாதை. உச்சியில், யாருக்கும் புரியாத இடத்தில், தன்னை உணர்தல். அந்த உச்சியைக் காட்டும்போது அவருடைய குச்சி கொஞ்சம் அதிக நேரம் அங்கேயே நிற்கும்.

என் பாரங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவர் நிறுத்தினார்.

"இதென்ன, பல்?"

"அந்த அம்மா கேட்டாங்க சார்."

"பல் எந்தத் தட்டிலை வரும்?"

யாரும் இதுவரை யோசிக்காத கேள்வி. சுபத்திரா டீச்சர்தான் முதலில் பேசினார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எங்கள் சங்கத்தில் நேராகப் பேசக்கூடிய ஒரே ஆள். "சாப்பிடறதுக்குத்தானே பல்லு? அடித்தட்டு" என்றார்.

"சாப்பாடு நாங்கள் குடுத்தாச்சே! அரிசிக்குப் பல் வேணுமோ? கஞ்சி வைக்கலாம்."

இளைஞர் பிரிவுத் தலைவர் யுகேந்திரன் கை தூக்கினார். வயது நாற்பத்தாறு. ஆயுள் காப்புறுதி விற்பவர். "சார், பல்லு வந்து லுக்ஸ். அழகு. நாலாவது தட்டுலதான் போடணும், மரியாதையில."

"அப்பிடியெண்டால் கீழை இருக்கிற மூண்டும் நிரம்பியிருக்கோணும். மூண்டாவது அன்பு. அவவுக்கு அன்பு கிடைக்குதோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மகன் ஞாயித்துக்கிழமை போன் பண்றாரு சார்" என்றேன்.

"எத்தினை நிமிஷம்?"

"தெரியல சார்."

"கேட்டு எழுதும். அன்பு நிரம்பாமல் மரியாதைக்குப் போகேலாது."

இதை நான் குறிப்பேட்டில் எழுதினேன். சத்தியமாக எழுதினேன். தேதி போட்டு, கீழே கோடும் போட்டேன்.

சுபத்திரா டீச்சர் விடவில்லை. "ஒரு மனுசி பல்லு கேக்குறாங்க. நம்ம முக்கோணத்த ஏன் கேக்குறீங்க?"

கதிரேசு ஐயா ஒரு கணம் வாயை மூடி, நாக்கால் தன் மேல்பல்செட்டைச் சரியான இடத்தில் தள்ளிப் பொருத்திக்கொண்டார். 'டக்' என்று சின்னச் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "டீச்சர், பல் ஒரு தனிப்பட்ட சாமான். அதை மேடையிலை வைச்சு எப்பிடிக் குடுக்கிறது? ஒரு தட்டிலை வைச்சோ? பத்திரிகைக்கு என்ன படம் அனுப்பிறது?"

யாரோ நன்கொடையாளர் கொடுத்த சக்கர நாற்காலி ஒன்று மாடிப்படிக்குக் கீழே நாலு மாதமாக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அப்போது யுகேந்திரனுக்கு நினைவு வந்தது. ராகம்மாவுக்கு அதைக் கொடுப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று. சுபத்திரா டீச்சர் கழிவறைக்குப் போயிருந்த நேரமாகையால் ஒருமனதாக.

அந்தக் கூட்டத்தில் வடையும் முறுக்கும் வைத்திருந்தார்கள். விவாதம் முழுக்க எங்கள் பற்களின் சத்தம் அறையை நிறைத்தது. நான் மட்டும் ஐந்து முறுக்கு தின்றேன்.

நாற்காலி கொடுக்கும் நிகழ்ச்சிக்கு ராசம்மா பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்தார். வேகமாக வந்தார். பெயர் வாசித்ததும் மேடைப்படியில் தாவி ஏறியவரை யுகேந்திரன் மெதுவாகத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"நான் நடந்துதானே வந்தேன்?" என்றார் ராசம்மா. அவர் வாயிலிருந்து அது எப்படி வந்ததோ, யாருக்கும் புரியவில்லை.

"நன்றி சொல்றாங்க" என்று யுகேந்திரன் ஒலிவாங்கியில் அறிவித்தார். கைத்தட்டல். கதிரேசு ஐயா பின்னால் நின்று தள்ளுவதுபோல் படம். பிறகு எல்லாரும் இறங்கிவிட்டோம். ராசம்மா நாற்காலியில் அரிசி மூட்டையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். பஸ்காரர் ஏற்றவில்லை. நான்தான் என் காரில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நானும் "சரிம்மா, சரிம்மா" என்றேன்.

நாற்காலி வீணாகவில்லை. இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே விளக்குமாற்றுக் கம்பைக் கட்டி அதில் ஈரத்துணியைப் போட்டார். செல்லப்பன் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் நாற்காலியை வெயில் பக்கம் உருட்டிவிடுவார். எங்கள் சங்கம் கொடுத்தவற்றில் உருப்படியாகப் பயன்பட்டது அதுதான். இதை ஆண்டறிக்கையில் எழுத முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்.

ராசம்மாவுக்குப் பல் கிடைத்தது எங்களால் அல்ல. அந்த வளைவுக்கு எதிர்ப்புறம் ரொட்டியும் தேநீரும் விற்கும் ஒட்டுக்கடை வைத்திருக்கும் ரம்லாவால். இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தாத்தா காலத்துக் கடை. கணவர் உதுமானுக்கு முழங்கால் போனபின் கல்லாவில் ரம்லாதான். ராசம்மா தினமும் காலையில் அங்கே போய் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் ஒன்று வாங்கி, அதைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் ஊறப்போட்டு, அது கூழாகும்வரை காத்திருப்பார். ரம்லா இதைக் கவனித்தார். அடுத்த வாரம் முதல் ராசம்மா வந்து உட்காருமுன்பே ரொட்டியைக் கொத்திக் குழம்பு ஊற்றி ஊறவைத்துவிடுவார். யாரும் சொல்லவில்லை, எந்தப் பாரமும் நிரப்பவில்லை.

ரம்லாவைப் புனிதவதியாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ராசம்மா அந்த ஒரு ரொட்டிக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நல்ல மேசையை ஒன்றரை மணி நேரம் பிடித்துக்கொள்வார். காலைக் கூட்டத்தில் லாரிக்காரர்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்கள்.

ஒருநாள் ரம்லா வந்து எதிரில் உட்கார்ந்தார். "ராசம்மாக்கா, பல்லு கட்டிக்க வேண்டியதுதானே?"

ராசம்மா சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கையை விரித்தார்.

"அவங்க என்னக்கி குடுத்து நீங்க என்னக்கி மெல்றது? குளுவாங்ல கவர்மெண்டு பல் கிளினிக் இருக்கு. வயசானவங்களுக்குக் கட்டித் தராங்க. புதன்கெழம கடை லீவு. வேன்ல ஏறுங்க, போலாம்."

அவ்வளவுதான். மூன்று வருடம் நாங்கள் எந்தத் தட்டு என்று தேடிக்கொண்டிருந்ததை அவர் வேனில் ஏற்றிவிட்டார்.

அங்கே வரிசை நீளம். பெயர் பதிந்துவிட்டுப் பல மாதம் காத்திருந்தார்கள். பிறகு மேலே மிச்சமிருந்த இரண்டு பல்லையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் அச்சு எடுக்க ஒருமுறை, அளவு பார்க்க ஒருமுறை. ஒவ்வொரு புதனும் ரம்லா முணுமுணுத்துக்கொண்டே வேனை எடுத்தார். "லீவு நாள்ல ஒரு தூக்கம் உண்டா எனக்கு?" என்பார். ஆனால் எடுத்தார்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். மலாய்க்காரர். ராசம்மாவைப் பெரியம்மா என்ற பொருளில் 'மக்சிக்' என்று பிரியமாகக் கூப்பிடுவார். அச்சு எடுத்த அன்று விளையாட்டாகக் கேட்டாராம்: "பல் வந்ததும் மக்சிக் முதலில் என்ன சாப்பிடப் போறீங்க?"

ராசம்மா தலையை ஆட்டினார். "தாக் மாக்கான். நாக் மாரா ஓராங்."

சாப்பிட இல்லை, ஆளைத் திட்ட வேண்டும். டாக்டர் சிரித்ததில் கையிலிருந்த அச்சு மாவு கீழே விழுந்து, மறுபடி கலக்க வேண்டியதாயிற்று. ரம்லா இதை எனக்குச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. எங்கள் தலைவரின் முக்கோணத்தை மனசுக்குள் மேலும் கீழும் தேடிப் பார்த்தேன். ஐந்து தட்டிலும் திட்டுவதற்கு இடமில்லை.

பல்செட்டு வந்தது. முதலில் வாய்க்குள் யாரோ நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தது மாதிரி இருந்ததாம். டாக்டர், தினமும் அரைமணி நேரம் எதையாவது சத்தமாகப் படித்துப் பழகச் சொன்னார். ராசம்மாவிடம் படிக்கப் புத்தகம் இல்லை. அதனால் தனக்கு மனப்பாடமாக இருந்ததைச் சொல்லிப் பழகினார். ரம்லா கடையில் கூட்டம் வருமுன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "சனியனே. நாசமாப் போறவனே. தரித்திரம் பிடிச்சவனே" என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொல்வார். சுவருக்கு முன்னால்தான், எங்கள் ஊரில் 'தே' என்று சொல்லும் டீயைக் கலக்குபவர் நிற்கிற இடம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஆள். மூன்றாவது நாள் அவர் ரம்லாவிடம் போய், "நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்று கண்கலங்கிவிட்டார்.

இரண்டு வாரத்தில் பேச்சு சுத்தமாயிற்று. ஒரு வியாழக்கிழமை காலை. ராசம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, பல்லை மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே துணியைப் பழைய கொடியில் காயப்போட்டுவிட்டுக் காத்திருந்தார். மேலே குழாய் திறந்தது. தண்ணீர் இறங்கியது. ராசம்மா வெளியே வந்தார்.

"செல்லப்பா! சனியனே! உன் செடியும் நீயும் நாசமாப் போக! நாலு வருசமா என் துணி மேல சேத்துத் தண்ணிய ஊத்துறியே, உனக்குக் கண்ணு எங்கடா இருக்கு? தொட்டிய உள்ள தள்ளி வைக்கத் தெரியாது?"

மாடிகளில் எல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. செல்லப்பன் குழாயை மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஐயோ அக்கா. இதத்தான் இத்தன நாளா சொன்னீங்களா?"

"பின்ன என்னன்னு நெனச்ச?"

"செடி நல்லா இருக்குன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்கா. தெனமும் வெளிய வந்து பாத்துப் பாத்துச் சொல்வீங்களே. அதுக்காகத்தான் கொஞ்சம் கூடவே தண்ணி விட்டேன்."

அன்று சாயந்திரமே தொட்டிகளை உள்ளே தள்ளி, அடியில் தட்டு வைத்துவிட்டார். ஒரு செம்பருத்தித் தொட்டியைக் கொண்டுவந்து ராசம்மா வாசலில் வைத்து மன்னிப்பும் கேட்டார். ராசம்மாவுக்கு இதைவிட ஏமாற்றம் வாழ்க்கையில் இல்லை. நாலு வருடம் சேர்த்துவைத்த சண்டை நாலைந்து வாக்கியத்தில் தீர்ந்துபோனது. மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொஞ்சம் வசந்தனுக்குப் போயிற்று. அந்த ஞாயிறு போனில், "உனக்கு என்னைப் பாக்கணும்னு தோணலையா வசந்தா? ஜொகூர் பாருலருந்து காஹாங் வர எவ்வளவு நேரம் ஆவும்? நீ வந்து எட்டு மாசம் ஆச்சு" என்று ஒரு எழுத்துக் குறையாமல் கேட்டார். சிக்னல் மிக நன்றாக இருந்தது. அதன்பிறகு போன் கால் சுருங்கிவிட்டது. முன்பு இருபது நிமிடம் "சரிம்மா" சொன்னவர் இப்போது நாலு நிமிடத்தில் வைத்துவிடுகிறார். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். குற்றவாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு பை நிறைய மிருதுவான ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிறார். அம்மாவுக்கு இப்போது பல் இருக்கிறது என்பது இன்னும் அவருக்குப் பழகவில்லை.

சங்கத்துக்கு இதெல்லாம் தெரியாது. தீபாவளி அன்பளிப்பு விழாவுக்கு யுகேந்திரன் ஒரு பெரிய பதாகை அடித்திருந்தார். அதில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பொக்கைவாய் தெரியச் சிரிக்கும் ராசம்மாவின் படம். உண்மையில் அவர் அப்போது சிரிக்கவில்லை, எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார். கீழே 'ராகம்மாவின் புன்னகையே எங்கள் பரிசு' என்று தங்க எழுத்து.

ராசம்மா மேடையேறினார். பதாகையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்த கதிரேசு ஐயா என்னிடம் குனிந்து, "இவ ஆர்?" என்றார்.

"அவங்கதான் சார் இவங்க."

"பல் ஆர் குடுத்தது?"

"நாம இல்ல சார்."

யுகேந்திரன் வழக்கம்போல நன்றி சொல்ல ஒலிவாங்கியை நீட்டினார். இந்த முறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். எம்பேரு ராசம்மா. ராகம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. நான் பல்லு கேட்டேன், நாற்காலி குடுத்தீங்க. எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு. இப்ப துணி நனையறதில்ல, அதனால அத மூணாவது பிளாக்ல படுத்துக் கெடக்குற கோவிந்தனுக்குக் குடுத்துட்டேன். அவரு உங்ககிட்ட நாற்காலி கேட்டு ரெண்டு வருசம் ஆவுது. அவருக்கு நீங்க பள்ளிக்கூடப் பை குடுத்திருக்கீங்க. அவருக்கு வயசு எழுபத்தொன்னு."

மண்டபத்தில் பலத்த கைத்தட்டல். முதியவர்கள் பேசினால் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காமலே கைதட்டுவது எங்கள் விழாக்களின் மரபு. கதிரேசு ஐயாவும் தட்டினார். சுபத்திரா டீச்சர் மட்டும் எழுந்து நின்று தட்டினார். அடுத்த நிகழ்ச்சி அதிர்ஷ்டக் குலுக்கல் என்று யுகேந்திரன் அவசரமாக அறிவித்தார்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு முடிவு எடுத்தோம். ஒன்று, ராசம்மாவின் நிலை மேம்பட்டுவிட்டதால் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுப்பது. பல்லோடு ஏழ்மை சேராது என்று யுகேந்திரன் கருதினார். நன்கொடையாளர்கள் படத்தைப் பார்த்துக் குழம்புவார்கள் என்றார். இரண்டு, ஆண்டறிக்கையின் அட்டையில் அவருடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'சங்கத்தின் அரவணைப்பில் மலர்ந்த புன்னகை' என்று எழுதுவது. அதற்கு அவரிடம் ஒரு சம்மதக் கையெழுத்து வாங்கி வரும் வேலை என்னுடையது.

போனேன். செம்பருத்தித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். வாங்கி, எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

செல்லப்பனுக்கென்று சேர்த்துவைத்து மிஞ்சியது எல்லாம் எனக்கு வந்தது. என் படிப்பைக் கேட்டார். அடையாள அட்டை பார்க்கத் தெரியாத கண் எதற்கு என்று கேட்டார். "கட்டம் வரையச் சொன்னேனே, பேனாவில மை தீந்துபோச்சா?" என்று கேட்டார். காரில் நாற்காலியோடு வந்த அன்று, "எனக்குப் பல் ஆஸ்பத்திரிக்கு வழி மட்டும் சொல்லு, நானே போய்க்கிறேன்" என்று காஹாங் வரை சொல்லிக்கொண்டு வந்தேனே, நீ "சரிம்மா" என்று சொன்னாயே, எதற்குச் சரி என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி மெதுவாகத்தான் வந்தது. அதற்குத்தான் என்னால் தலை நிமிர முடியவில்லை. குளுவாங்கில் அந்த கிளினிக் எங்கள் சங்கக் கட்டடத்திலிருந்து நடக்கிற தூரம். நான் வாரம் இரண்டு முறை அதைத் தாண்டித்தான் போவேன்.

கையெழுத்து கிடைக்கவில்லை. கடிதத்தைக் கீரைக்காம்பு பொதிய எடுத்துக்கொண்டார். நான் அறிக்கையில் அந்தப் பகுதியை எழுத மறுத்தேன் என்று சொன்னால் வீரமாக இருக்கும். உண்மையில் எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு இரண்டு கூட்டத்துக்குப் போகவில்லை. தலைவரே எழுதினார். கையெழுத்து இல்லாததால் முகத்தை மறைத்துப் பல்லை மட்டும் போட்டார்கள். நல்ல தாளில் அச்சடித்த அட்டையில் வெறும் பல்வரிசை, பற்பசை விளம்பரம் மாதிரி. இப்போது நான் துணைச் செயலாளர் இல்லை. கூட்டங்களுக்குத் தேநீர் ஏற்பாடு செய்யும் குழுவில் இருக்கிறேன். அதில் ஒரே உறுப்பினர் நான்.

சுபத்திரா டீச்சர் சங்கத்தை விட்டுவிட்டுத் தன் காரில் வாரம் ஒருமுறை காஹாங் பெண்களைப் பல்லுக்கோ கண்ணுக்கோ அழைத்துப் போகிறார். ராசம்மா முன் இருக்கையில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவதாகவும், கிளினிக்கில் வரிசை மீறுபவர்களை அவர் கவனித்துக்கொள்வதாகவும் கேள்வி. இரண்டு பெண்கள் அவருக்குப் பயந்தே பஸ்ஸில் போகிறார்களாம்.

ரம்லாவின் திட்டம் பலிக்கவில்லை. ராசம்மா இப்போது பத்து நிமிடத்தில் ரொட்டியைத் தின்றுவிடுகிறார். ஆனால் எழுந்து போவதில்லை. பேசுகிறார். கேட்டால், இத்தனை வருடம் பேசாமல் இருந்தது பாக்கி இருக்கிறது என்கிறார். வேறு வழியில்லாமல் ரம்லா அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை கல்லாப் பக்கம் நின்று, யார் என்ன கேட்டார்கள் என்று சமையல்கட்டுக்குக் கூவிச் சொல்லும் வேலை. காஹாங் சாலைமுனை வரை கேட்கிறது.

போன வாரம் நானும் போய் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். ராசம்மா என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று முகத்தில் காட்டவில்லை.

"என்ன வேணும்?"

"ரொட்டி ஒண்ணு, தே ஒண்ணு."

"கை கழுவினியா?"

"வீட்டுலயே கழுவிட்டுத்தான்மா வந்தேன்."

"ஸ்டியரிங் புடிச்சிதானே வந்த? எந்திரி."

லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கை ஈரமாகத்தான் இருந்தது. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.